நாலு சைக்கிளும் பின் ஆசனமும்

கொட்டாஞ்சேனை நிக்கலஸ் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கொள்கலன் கட்டியவர். கப்பலின் மேல்தட்டில் அடுக்கிய பெட்டிகள் கடலில் விழாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது அவர் வேலை. அவர் கட்டிய பெட்டிகள் ஹம்பேர்க் வரை போயிருக்கின்றன. அவர் கொழும்புக்கு அடுத்த களனி வரை போயிருக்கிறார்.

மனைவி பேர்ணடெற் இறந்து இரண்டு வருடம். அதன்பிறகு எதைச் சொன்னாலும் "சரி" என்பார். சோறு போடவா, சரி. சோறு இல்லை, சரி. அவர் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவர், "டடி, இந்த முறை பண்டாரவளைக்கு நீங்களும் வாறீங்க" என்று மகன் பிறெடி சொன்னபோது, "எத்தினை மணிக்கு?" என்று கேட்டுவிட்டார். வீட்டில் அதைப் பெரிய முன்னேற்றமாகக் கருதினார்கள்.

பிறெடியின் குடும்பத்தில் ஆளுக்கொரு மலைச் சைக்கிள்: அவனுக்கு, மனைவி யூஜினாவுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு. கொழும்பில் மலை இல்லாதது மாநகர சபையின் குறையாக இருக்கலாம். காரின் பின்னால் மாட்டிய ராக்கில் மூன்று சைக்கிளுக்குத்தான் இடம். நாலாவது உள்ளே ஏறினால் பின் ஆசனத்தில் ஓர் ஆள் குறையவேண்டும். அந்த ஆள் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

காலையில் பிறெடி போனில் வீடியோ பார்த்து மூன்றை மாட்டிவிட்டு, நாலாவதைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"தள்ளு" என்றார் நிக்கலஸ்.

எல்லாவற்றையும் இறக்கினார். பாரமானதைக் காரோடு ஒட்டி வைத்தார். ஒன்றின் ஹாண்டில் இடப்பக்கம், அடுத்ததின் ஹாண்டில் வலப்பக்கம். நாலின் முன்சில்லுகளையும் கழற்றினார். இடையில் பழைய துவாய் சொருகிப் பட்டியை இறுக்கினார்.

எதிர்க்கடை ராசிக் எட்டிப் பார்த்தார். "அய்யே, மலையேறுற சைக்கிளுக்கும் மலைக்குப் போக காரா?"

"அதுகளுக்கு மூச்சு வாங்குமாம்."

ராசிக் சிரித்தார். நிக்கலஸ் இன்னொரு இழுப்பு இழுத்தார். நாலும் அசையாமல் நின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இதுகள எங்க வைக்கிறது, மாமா?" என்றாள் யூஜினா. நிலத்தில் நாலு சில்லுகள் கிடந்தன.

டிக்கியில் ரைஸ் குக்கரும் காஸ் அடுப்பும் போர்வைகளும். சில்லுகளைத் திரும்ப மாட்டினால் நாலாவது சைக்கிள் நிற்காது. துறைமுகத்தில் மேல்தட்டில் கட்ட ஒரு கூட்டம், கப்பலின் வயிற்றில் ஏற்ற வேறு கூட்டம். உள்ளே என்ன ஏறுகிறதென்று நிக்கலஸ் முப்பத்தொரு வருடமும் எட்டிப் பார்த்ததில்லை.

சில்லுகள் நாலும் பின் ஆசனத்தில், ஜன்னலோரமாக இடம்பிடித்தன.

"அடுத்த முறை கட்டாயம், டடி."

"பலாங்கொடையில நிப்பாட்டிப் பட்டிய ஒருக்காப் பார்" என்றார் நிக்கலஸ்.

கார் திரும்பி மறைந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதைக் கழற்ற அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.