ஒன்றும் ஆகவில்லை என்றொரு மணி

எங்கள் டிப்போவில் அவருக்குப் பெயர் 'கண்ணாடி'. அவர் மூக்குக் கண்ணாடி போட்டவரில்லை. இருபது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவர், அதில் ஒரு மூன்று வருஷம் சாலையைப் பார்த்ததைவிடப் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்ததுதான் அதிகம். பெயரை வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு இந்தக் கதையில் இடம் கொடுப்பதாக இல்லை.

நான் அவருடைய கண்டக்டர். பத்து வருஷமாக ஒரே வண்டி, ஒரே தடம். என் வாய்க்குப் பயந்தே படியில் தொங்காமல் உள்ளே வருகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நான் அவரிடம் மட்டும் அடங்கிப் போவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண் கண்டக்டரோடு எவன் ஓட்டுவான் என்று நான்கு டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ஏன்யா, மணி அடிக்க மீசை வேணுமா?" என்று கேட்டு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி.

அவரைப் பின்னாலேயே பார்க்க வைத்த பயம் வந்தது ஒரு மழை நாளில். முன்னால் போன லாரியிலிருந்து மூட்டை ஒன்று விழுந்து, எங்கள் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. இறங்கி ஓடிப் பார்த்தோம். பழைய துணி மூட்டை. அதிலிருந்து ஒரு சட்டைக் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வண்டிக்கு வந்தார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் அவருக்கு ஓர் ஆள் விழ ஆரம்பித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுதான். வேகத்தடையில் வண்டி குலுங்கினால் யார் மேலோ ஏறிவிட்டோம் என்று நினைப்பு. நிலையத்துக்கு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு மண்டியிட்டு ஆறு டயரையும் பார்ப்பார். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். தன் பைக்கில் எங்கள் தடத்தின் பதினான்கு கிலோமீட்டரையும் ஒருமுறை சுற்றி, சாலையில் யாரும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் போவார். பிறகு எனக்குப் போன். "தங்கச்சி, அந்தப் பள்ளிக்கூடத்துத் திருப்பத்துல ஒண்ணும் ஆகலையே?" அண்ணி, அதாவது அவர் மனைவி, ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஒரு ரூட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்காரு. நான் சும்மா வீட்டைப் பார்த்துக்கிறவ."

நல்ல மனிதர் இப்படிக் கருகுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் நானே ஒரு வழி செய்தேன். ஒரு மணி அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் கிளம்பணும். இது ஊரறிந்தது. எங்கள் இருவருக்கும் மட்டுமாக மூன்று மணி ஒன்றை ஏற்படுத்தினேன். வண்டி குலுங்கும், அவர் உள்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார், நான் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மூன்று தடவை கயிற்றை இழுப்பேன். 'ஒன்றும் ஆகவில்லை' என்று அர்த்தம். அவர் தோள் உடனே இறங்கும். முதலில் நாளைக்கு நாலைந்து தடவை இருந்தது, போகப் போக நாற்பதாயிற்று. தினமும் வரும் ஒரு வாத்தியார் எதற்கு இந்த மூன்று மணி என்று கேட்டதற்கு, "இன்ஜினுக்கு இருமல் சார்" என்றேன். மனுஷன் அதை நம்பிக்கொண்டு போனார்.

ஒருநாள் அவர் வேகத்தடை தாண்டிக் கண்ணாடியில் பின்னால் தேடிக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். நான் போட்ட கத்தலில் பிரேக் பிடித்தார். சைக்கிளுக்கும் வண்டிக்கும் இரண்டு சாண் இடைவெளி. யார்மேலும் ஏற்றிவிடக் கூடாது என்று பின்னால் பார்த்துக்கொண்டே, உயிரோடு இருந்த ஒருவரை முன்னால் இடிக்கப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் மேலாளரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கத்தவில்லை. அரை நாள் மட்டும், கூட்டமில்லாத நேரத்தில் ஓட்டச் சொன்னார். பெரிய மருத்துவமனையில் உளவியல் நிபுணர் ஒருவரிடம் பதினாறு வாரம் போய் வரணும். சரியானால் டிரைவர் இருக்கை அவருக்கு, இல்லையென்றால் டீசல் போடும் இடத்தில் வேலை. அண்ணனுக்கு ஸ்டீயரிங்கை விட்டால் கை வைக்க வேறு இடம் தெரியாது. "போறேன் சார். ஆனா டீசல் பக்கம் என்னை நீங்க பார்க்கமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல் வாரம் போய்விட்டு வந்து என்னிடம் குறைபட்டுக்கொண்டார். "என் சின்னத் தங்கச்சி வயசும்மா அந்த மேடத்துக்கு. எல்லாத்தையும் சொன்னேன். கவலைப்படாதீங்க, யாரும் அடிபட்டிருக்கமாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு பார்த்தா, அதைச் சொல்லவேமாட்டேன்னுட்டாங்க."

"பின்ன எதுக்கு அங்க போகணும்?" என்றேன். ஆறுதல் சொல்லாதவர் என்ன வைத்தியர் என்று எனக்குக் கோபம்.

"பயம் வருது, போய்ப் பார்க்குறீங்க, நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த பயத்தைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருதுன்னாங்க. பார்க்காமலே இருந்தா பயம் தானா இறங்குதான்னு சோதிச்சுப் பார்க்கணுமாம். பல நாட்டுல ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சோதிச்ச முறையாம். எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு பொய் சொல்லமாட்டேன், வாராவாரம் அளந்து பார்ப்போம், நடக்கலைன்னா மாத்துவோம்னாங்க."

அவர் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. பயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். எனக்குப் போன் பண்ணாமல் இருக்க முப்பது, டயரைப் பார்க்காமல் இருக்க ஐம்பத்தைந்து, சாலையைத் திரும்பச் சுற்றாமல் வீட்டுக்குப் போக எண்பது. கீழ்ப்படியிலிருந்து ஏறணும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அளவு கண்ணாடி பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதற்குமேல் ஒரு பார்வை கூடாது.

அண்ணன் பிடிவாதக்காரர். முதல் வாரமே போன் நின்றது. மூன்றாம் வாரம் டார்ச்சை அண்ணியிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். நிலையத்தில் மண்டியிடாமல் இருக்க இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நெற்றியெல்லாம் வேர்க்கும். கால் மணி, அரை மணி கழித்துத் தாளில் எழுதுவார்: எழுபது, அறுபது, நாற்பது. ஐந்தாம் வாரம் பைக்கில் நேரே வீட்டுக்குப் போனார். அண்ணி எனக்குப் போன் பண்ணி அழுதார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று டிப்போ முழுக்க நான்தான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாம் வாரம் எனக்குப் பல் பிடுங்கினார்கள். மூன்று நாள் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்தவனுக்கு ஒரு மணியும் இரண்டு மணியும்தான் தெரியும். முதல் வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அண்ணன் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கினார். அவன் சிரித்துவைத்தான். அண்ணன் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி, இருநூறு அடி பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஒரே டிரிப்பில் இப்படி மூன்று தடவை. பயணிகள் கூச்சல் போட்டு, புகார் மேலாளர் மேசைக்குப் போய்விட்டது. டீசல் வேலைக்கான கடிதம் தயாரானது.

வீங்கிய கன்னத்தோடு நானும் அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. "அஞ்சு வாரமா மார்க் இறங்கிட்டே வந்துச்சு. இந்த மூணு நாள்ல வண்டிக்குள்ள என்ன மாறுச்சு?" என்று மேடம் கேட்டார்.

அண்ணன் யோசித்தார். நானும் யோசித்தேன். பிறகு, "மூணு மணிதான் இல்லை" என்றேன்.

"அது என்ன?"

சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்தார். "இதை ஏன் சார் நீங்க சொல்லவே இல்லை?"

"மணி அடிக்கிறது கண்டக்டர் வேலைதானே மேடம்" என்றார் அண்ணன், நிஜமாகவே புரியாமல். அவர் ஒளிக்கவில்லை. நானும் ஒளிக்கவில்லை. நிறுத்த வேண்டியவை என்று வீட்டில், தெருவில், போனில் எல்லாம் தேடினோம். கயிற்றை இழுப்பது பிழைப்பு, அது எப்படி நோயில் சேரும் என்று எங்கள் இருவர் புத்தியும் அதைத் தாண்டிப் போய்விட்டது.

"எத்தனை வாரமா அடிக்கிறீங்கம்மா?"

"வாரமா? மூணு வருஷமா." எனக்குச் சுருக்கென்றது. "அவர் தவிக்கிறதைப் பார்க்க முடியாம பாசத்துல செஞ்சது மேடம். தப்பா?"

"பாசம்தான். அந்தப் பாசம் அவருக்குப் போய்ச் சேரலை, அவர் பயத்துக்குச் சோறு போட்டிருக்கு" என்றார் மெதுவாக.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பல் பிடுங்கிய இடம் விண்விண்ணென்று வலித்தது. எட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு ஆறு வாரம் பார்த்தவர் பாடம் சொல்வதா? வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பொருமினேன். ஆனால் நாளைக்கு நாலு மணி நாற்பது மணியான கணக்கு எனக்குத்தான் தெரியும். என் மணி அவரைக் குணப்படுத்தியிருந்தால் அது குறைந்தல்லவா இருக்கணும்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க மேடம்" என்றேன்.

மேடம் மேலாளரிடம் பேசி மீதிப் பத்து வாரத்தைக் கேட்டு வாங்கினார். முதலில் டிப்போ வளாகத்துக்குள், மரக்கட்டைகளைப் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றி இறக்கினோம். பிறகு ஆளில்லாத வண்டி சாலையில், அதன் பிறகு பயணிகளோடு. அவர் புருவத்தைத் தூக்கினால் மணி அடிக்காமல் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "தெரியலை அண்ணே. போவோம்." இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முதல் நாள் அவர் கண்ணாடி வழியாகக் கெஞ்சினார். இரண்டு கையையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்களோடு வந்தார். "அவருக்கு எத்தனை மார்க்?" என்று என்னிடம் கேட்டார். "அவருக்கு எண்பது, எனக்குத் தொண்ணூறு" என்றேன்.

மார்க் இறங்கிற்று. ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். பதின்மூன்றாம் வாரம் அவர் புருவம் அசையவில்லை. பதினாறாம் வாரம் டிப்போவின் பரிசோதகர் வண்டியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். டீசல் வேலைக் கடிதத்தை மேலாளரே கிழித்தார். கடைசி நாள் மேடம் சொன்னது: "பயம் திரும்ப வரும் சார். வந்தா தோத்துட்டதா அர்த்தம் இல்லை. என்ன செய்யணும்னு இப்ப உங்களுக்கே தெரியும்."

வந்தது, ஒன்றரை வருஷம் கழித்து. வேறொரு டிப்போவில் ஒரு டிரைவர் பாதசாரி ஒருவர்மேல் ஏற்றிவிட்டார், செய்தி எங்கும் பரவியது. அடுத்த நாளே அண்ணன் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். யாரிடமும் அவர் போகவில்லை. மத்தியான இடைவேளையில் ஒரு புதுத் தாளை எடுத்து, கோடு போட்டு, மார்க் எழுத ஆரம்பித்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. மறுபடி மூன்று வருஷம் தாங்க என்னால் முடியாது.

மூன்றாம் நாள், சந்தை வேகத்தடையில் அடியில் தடால் என்று ஒரு சத்தம். வண்டியே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முறைப்படி ஒருமுறை கண்ணாடி பார்த்தார். சாலையில் மக்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வண்டி போனது. நிலையம் போய்ச் சேர்ந்தோம்.

கடைசி ஆள் இறங்கியதும் நான் இறங்கினேன். கால் தானாகப் பின்சக்கரத்துக்குப் போயிற்று. சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, கையை ஊன்றிக் குனிந்தேன்.

"எழுந்திரும்மா" என்றது அவர் குரல். தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நீங்க பார்க்க வேண்டாம் அண்ணே. நான் மட்டும் பார்க்குறேன். உங்ககிட்ட சொல்லவே மாட்டேன்."

"உனக்கு முகத்துல எதையும் மறைக்கத் தெரியாது. நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி." கையை நீட்டினார். "எனக்கு இப்ப எண்பத்தஞ்சு. இறங்கும். கூட நில்லு, போதும்."

அந்தக் கையைப் பிடித்து எழுந்தேன். வண்டியோரம் இருவரும் நின்றோம். இருபது நிமிஷம் கழித்து அவர் தாளில் நாற்பது என்று எழுதினார். அடியில் என்ன சத்தம் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது. நேரமாயிற்று என்று அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.