தேரைக்கு அடியில் ஒரு குரல்

வத்தேகமவில் தவளைகளைக் குரலால் அடையாளம் காணும் பயிற்சியில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மெலிந்தவர். ஒலிப்பதிவு ஓடும்போதெல்லாம் கண்களை மூடி, ஒரு காதைப் பொத்திக்கொள்வார்.

பரீட்சையில் பத்துக்குப் பத்து எடுப்பவருக்குத்தான் தவளைக் கணக்கெடுப்பு வேலை. கடைசிப் பதிவுக்கு நாங்கள் எல்லோரும் தேரை என்று எழுதினோம். அக்கா மட்டும் மரத்தவளையையும் சேர்த்து எழுதியிருந்தார். பயிற்சியாளர் அதைப் பிழை என்று போட்டார்.

அக்கா எழுந்தார். "இன்னொருக்கா போடுங்க சேர். தேரைக்கு அடியில சின்னதா ஒன்னு டிக் டிக்குனு கத்துது."

பயிற்சியாளர் சத்தத்தைக் கூட்டிப் போட்டார். உண்மையிலேயே ஒன்று டிக் டிக்கென்று கத்தியது!

"இவ்வளவு நாளா நானே இதக் கேக்கலயே! வேலை உங்களுக்குத்தான்" என்றார். மண்டபமே கைதட்டியது. அக்கா உட்காராமல் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

அதே பதிவை நானும்தான் கேட்டேன். எதைக் கேட்டேனோ, இன்னும் விளங்கவில்லை.