உருளைக்கு இத்தனை தண்ணீர் எதற்கு

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு பையோடு நான் திரும்பி வந்தபோது தங்க இடம் தந்தவர் மாமி, என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. "எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. ஆனா சும்மா இருக்காத. கீழ வந்து மூக்கு தொடைச்சு விடு" என்றார். கீழே, தரைத்தளத்தில், அவர் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். பெற்றோர் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். நீளமான ஒரே அறை. சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், முழங்கால் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அதன் பக்கத்தில் தட்டு நிறையக் குட்டி எவர்சில்வர் டம்ளர்கள்.

இதற்கு முன் மாமி பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. "டிக்கெட் எடுக்காதவன் மொதல்ல ஜன்னலைப் பார்ப்பான். அப்புறம் என்னைப் பார்ப்பான். திரும்பவும் ஜன்னல். முழியே சொல்லிடும்" என்பார். மாமா ஏசி மெக்கானிக். "கல்யாணத்தன்னைக்கே என்னை மேலயும் கீழயும் பார்த்தா. பாக்கெட்ல டிக்கெட் இருக்கான்னு நானே தடவிப் பார்த்துக்கிட்டேன்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

காப்பகத்தில் மாமி வைத்திருந்த சட்டம் எனக்குப் புதிது. ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்தாலோ தள்ளினாலோ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல் நடந்து போய்க் கொடுக்க வேண்டும். சிந்தினால் மறுபடியும் பிடிக்க வேண்டும். அடிபட்ட பிள்ளை அதைக் குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது.

"மன்னிப்பு வாயிலேர்ந்து சட்டுனு வந்துடும்டி. கோபத்தை வெச்சுக்கிட்டுத் தண்ணி தூக்க முடியாது."

நான் போன இடங்களிலெல்லாம் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தேன். தப்பு எது என்பது மனிதனுக்குப் பிறப்பிலேயே தெரியுமா, சொல்லிக் கொடுத்துத்தான் தெரிகிறதா? மாமிக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், அதாவது படைத்தவன் வைத்த நேரான இயல்பில் பிறக்கிறது. சுற்றி இருப்பவர்கள்தாம் அதைத் திருப்புகிறார்கள். நபிமொழி அப்படித்தான் சொல்கிறது என்றார்.

"அப்ப ஏன் மாமி இதுங்க நாள் முழுக்க அடிச்சுக்குதுங்க?"

"நேரான ரோட்லயும் வண்டி இடிக்கும். அதுக்காக ரோடு கோணல்னு சொல்லுவியா?"

பதில் எனக்குப் போதவில்லை. பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது மாமாதான். எப்போதும் உறுமிக்கொண்டே ஓடுபவன் இன்ஜின். உருண்டையாக, எதற்கும் சிரிப்பவன் உருளை. சத்தமே இல்லாமல் நடக்கும் சிறுமி பூனை.

ஒரு காலை, மரக்கட்டைகளைக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து உருளை வீறிட்டான். முன்னங்கையில் வட்டமாகப் பல் தடம். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மாமி வந்தார், முகங்களைப் பார்த்தார். இன்ஜின் ஜன்னலைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான், மறுபடி ஜன்னலைப் பார்த்தான். வந்து சேர்ந்த புதிதில் அவன் ஒருமுறை கடித்ததும் உண்டு.

"போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றார் மாமி.

இன்ஜின் பிடித்துக்கொண்டு வந்தான். நடு அறையில் நின்று டம்ளரைக் கவிழ்த்தான். மாமி மறுபடி பிடித்து, அவன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க நடத்திக்கொண்டு போனார். உருளை குடித்தான். மாலையில் கூப்பிட வந்த இன்ஜினின் அம்மாவிடமும், மற்றப் பெற்றோர் இருக்கும்போதே, விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று. மறுநாளிலிருந்து இன்ஜின் வரவில்லை.

அறை அமைதியானது. எனக்கென்னவோ அந்த அமைதி பிடிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே உருளையின் அம்மா வாசலில் மாமியைப் பிடித்துக்கொண்டார். "மாமி, இவன் வீட்டுக்கு வந்ததும் சும்மா சும்மா டவுசரை நனைக்கிறான். சர்க்கரையா இருக்குமோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போகட்டுமா?"

"இந்த உருண்டைக்கு எங்கேர்ந்து சர்க்கரை வரும்? இரு, நான் பார்க்கறேன்" என்று அனுப்பிவிட்டு மாமி என்னிடம் திரும்பினார். "நீதான் பெரிய ஆராய்ச்சிக்காரியாச்சே. அவன் எவ்வளவு குடிக்கறான்னு பாரு."

பார்த்தேன். உருளை தானாக ஒருமுறைகூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை. பூனைதான் கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் டம்ளர், கண் தண்ணீரின் மேல். அவன் வலது கைச் சட்டையை மேலே தள்ளிப் பார்ப்பாள். பிறகு தண்ணீரைக் கொடுப்பாள். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான். சற்று நேரம் கழித்து மறுபடியும். யாரும் அவளை அனுப்பவில்லை.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பூனையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உருளைக்கு இவ்வளவு தண்ணி எதுக்குமா?"

பூனை அவர் காதருகே வந்து கேட்டாள். "மாமி, என் பல்லு இன்னும் அவன் கையில இருக்கா?"

மாமி சட்டையைத் தள்ளிப் பார்த்தார். தடம் எப்போதோ மறைந்திருந்தது. "இல்லம்மா. போயிடுச்சு."

"இங்க போகல" என்று பூனை தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

மாமி அவளைத் திட்டவில்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை. தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் மனம், நஃப்ஸுல் லவ்வாமா, என்று ஒன்று இருப்பதாகவும், அதன் மேல் இறைவன் சத்தியமே செய்திருப்பதாகவும் சின்ன வயதில் ஓதிக்கொடுத்தபோது கேட்டிருக்கிறேன். அது ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நடக்கும் என்று நினைத்ததில்லை.

"புள்ளைங்க மறந்துடும், விடு" என்றார் மாமா, சாப்பிடும்போது. "நீ சொன்னா, டிக்கெட் செக்கருக்கே ஆள் தெரியலன்னு பேசுவாங்க. நாலு பேர் புள்ளையை நிறுத்திடுவாங்க. வாடகை யார் கட்டறது?"

பெண்களுக்கு மார்க்க வகுப்பு எடுக்கும் ஆலிமாவிடமும் மாமி கேட்டுப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டார். "தெரியாம நடந்தது பாவமாகாது மாமி. சின்னப் பிள்ளைங்க மேல பேனாவே ஓடாது. மூணு பேர் கணக்குலயும் எதுவும் எழுதப்படல."

"அவங்க கணக்குல எழுத மாட்டாங்க. எழுதற வயசுல நான் இருக்கேனே" என்றார் மாமி. வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "பாவம்னா எதுன்னு கேக்க வந்தவர்கிட்ட, ஜனங்க என்ன தீர்ப்பு சொன்னாலும் உன் மனசுகிட்ட கேளுன்னு நபி சொன்னாங்கல்ல? இந்தம்மா சொன்னது சரிதான். ஆனா எனக்கு ஏன் இன்னும் உறுத்துது?"

நேராக இன்ஜின் வீட்டுக்குப் போனோம். அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். உறுமல் இல்லை.

"இப்பல்லாம் இப்படித்தான் மாமி" என்றாள் அவன் அம்மா. "எதைச் சொன்னாலும், நான் கெட்டவன்தானேங்கறான்."

மாமி கதவோரமே நின்றுவிட்டார். பிறகு சொன்னார். "அன்னைக்குக் கடிச்சது இவன் இல்ல. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

"அப்ப யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன். ஒரு புள்ளை பட்டது போதும்."

அவள் முகம் சிவந்தது. மாமி சமையலறைக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, மேசைக்கு முன் சிரமப்பட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். இன்ஜின் டம்ளரைப் பார்த்தான்.

"இங்க வேணாம்."

"ஏன் ராஜா?"

"அங்கதான் எல்லாரும் பார்த்தாங்க."

மாமா இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை, பிள்ளைகளை விட வந்தவர்களை மாமி வாசலிலேயே நிறுத்தினார். யார் என்று சொல்லாமல், தன் தப்பை மட்டும் சொன்னார். ஒருவர் தன் மகளின் பையைச் சுவர்க் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, "பார்த்துக்கற லட்சணம் இதுதானா" என்று கிளம்பினார். மாமி அவரைத் தடுக்கவில்லை. குழாயடிக்குப் போனார்.

நீளமான அந்த அறையின் கடைசியில், அம்மாவோடு வந்திருந்த இன்ஜின் நின்றிருந்தான். பாதி வழியில் டம்ளர் சாய்ந்து, தண்ணீர் மாமியின் சேலையில் கொட்டியது.

"சிந்திட்டீங்க" என்றான் உருளை. "மறுபடியும்."

மாமி திரும்பிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்ஜின் வாங்கினான். குடிக்குமுன் கேட்டான்: "மாமி, நீங்க என்னைக் கடிச்சீங்களா?"

"ஆமா."

"எங்க?" அவன் இரண்டு கைச் சட்டையையும் தூக்கிப் பார்த்தான்.

"தெரியற இடத்துல இல்ல."

அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். பெற்றோர் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, பூனை குழாயிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். கண் தண்ணீரின் மேல். வழக்கம்போல உருளை கையை நீட்டினான்.

"உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போனாள். இன்ஜினிடம் நீட்டினாள்.

இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று மாமியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றான் இன்ஜின். ஆனாலும் வாங்கிக் கொஞ்சம் குடித்தான். மீதியை உருளையிடம் கொடுத்துவிட்டு, உறுமிக்கொண்டே கட்டைகளிடம் ஓடினான்.