காணுக்குள் போன தண்ணீர்

சின்ன வேலைகளின் மகிமையைப் பற்றி நான் அரை மணித்தியாலம் பேசியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்தில், கையில் மைக்குடன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பெரிய வேலைகளை மட்டுமா ஆண்டவர் பார்க்கிறார் என்று தொடங்கி, உதாரணத்துக்கு என் மனைவியையே இழுத்தேன். பூசையில் சுவாமியார் திராட்சை இரசப் பாத்திரத்தைத் துடைக்கும் சின்ன வெள்ளைத் துணிகளை முப்பது வருடமாக அவள்தான் தோய்த்துக் கொடுக்கிறாள். அலசிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் பின்வளவுச் செவ்வரத்தைப் பூமரத்துக்கு ஊற்றுகிறாள், அந்தச் சிக்கனத்தையும் ஆண்டவர் காண்கிறார் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், மடையன்.

அடுத்த கிழமை அவள் மூதூரில் தன் தங்கை வீட்டில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாள். கைக்கு வேலை கொடுத்தால் எலும்பு கோணலாகப் பொருந்தும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வழமைபோலக் கோயிலிலிருந்து துணிப் பொட்டலம் வந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவனுக்கு நாலு துண்டுத் துணி ஒரு வேலையா? நானே தண்ணீர்ப் பேசினில் போட்டு அலசினேன். தண்ணீரைக் குசினிக்குப் பின்னால், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் காணுக்குள் ஊற்றினேன்.

நிமிர்ந்தால், கதவடியில் அவள்.

"எங்க ஊத்தினீங்கள்?"

"காணுக்குள்ள. மழை பெஞ்சு கிடக்கு, பூமரத்துக்குத் தண்ணி எதுக்கு?"

"பூமரத்துக்கோ ஊத்திறனான்? அந்தத் துணியில பட்டுக் கிடக்கிறது வெறும் இரசமில்ல, பூசையில ஆண்டவரின்ர இரத்தமா மாறினது. கால் மிதிக்கக்கூடாதெண்டுதான் முதல் தண்ணிய மரத்தடி மண்ணில விடுறது. நீங்கள் ஆண்டவரைக் காணுக்குள்ள ஊத்திப்போட்டீங்கள்."

"தெரியாமச் செய்தனான்."

"முப்பது வருஷமாப் பக்கத்தில இருக்கிறீங்கள். ஒருநாள் என்னட்டக் கேட்டனீங்களோ? கேக்காமலே ஊருக்குச் சொல்ல மட்டும் தெரிஞ்சுது. இனி நானே தோய்க்கிறன்."

இடக்கையால் பேசினை இழுத்தாள். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்க என்னை ஏசிவிட்டாளே என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அந்தக் கோபம் முழுவதும் என்மேல் திரும்பியது. ஆண்டவர் முப்பது வருடமாக என் வளவுக்கு வந்து போயிருக்கிறார். நான் மைக்குக்கு முன்னால் நின்று அவரைப் பற்றிக் கதை அளந்திருக்கிறேன். ஒரே ஒரு ஆறுதல்தான் எனக்கு: அவர் என் வாயை நம்பி இருக்கவில்லை.

மறு ஞாயிறு பொட்டலம் வந்தபோது, தோய்க்கத் தா என்று கெஞ்சினேன். நெடுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அலசி முடித்து, செவ்வரத்தையடிக்குக் கொண்டுபோகப் பேசினைத் தூக்கினேன். அவளும் எழுந்து இடக்கையால் அதன் விளிம்பைப் பிடித்தாள்.

"விடு, கை நோகும். நான் தனியத் தூக்குவன்," என்றேன் எரிச்சலோடு.

"ஓம், தூக்குவீங்கள்," என்றாள். "ஆனா இது என்ர வேலை."

கையை எடுக்கவில்லை.