லாத்தா வேனில் ஏற்றியவன்

போன மாதம் மகளோடு மதுரையில் ஒரு பெரிய செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்கச் செருப்பு, ஏசிக் குளிர். கையில் போனோடு நின்ற பெண்ணிடம் ஏழாம் நம்பர் கேட்டேன். "அந்த ரேக்ல இருக்கு மேம், நீங்களே போட்டுப் பாருங்க" என்று தாடையால் காட்டினாள். குனிந்து வாரை மாட்டத் திணறிக்கொண்டிருந்தேன். இடுப்பு இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்போது அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசம் வந்தது. அவ்வளவுதான், ராஜபாளையத்துப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டேன். மகள் தோளை உலுக்கிய பிறகுதான் திரும்பி வந்தேன்.

அந்த வாசம் பலருக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தை ஞாபகப்படுத்தும். எனக்கு ரத்தத்தை.

பி.காமில் எனக்கு ஒரு பேப்பர் நின்றுபோயிருந்தது. அதை எழுதித் தேறும்வரை வீட்டில் ஏச்சு வாங்காமல் இருக்கலாமே என்றுதான் லாத்தாவின் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். (அந்தப் பேப்பர் இன்றுவரை தேறவில்லை என்பதை என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.) லாத்தாவின் பெயர் மைமூன். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். ஊருக்கே அதுதான் பெயராகிப் போனது. கருவேப்பிலை விற்கிற பெரியவருக்கு எழுபது வயதிருக்கும், அவரும் "என்ன லாத்தா" என்றுதான் கூப்பிடுவார்.

கடை அவருடைய மாமனார் வைத்தது. கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட, கொழுந்தனார் சாவியைக் கேட்டு வந்தாராம். லாத்தா அப்போது கணவருக்காகத் துக்கம் காக்கிற இத்தாவில் இருந்தார். வெளியே வரக்கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "இத்தா முடியட்டும், நானே தொறந்துக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னபடியே திறந்தார். நான் சேரும்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஒரே மகன் சவுதியில். கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது, அதை அவரே ஓட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எங்கே விபத்து என்றாலும் முதலில் வந்து நிற்பது அந்த வேன்தான். செருப்புப் பெட்டிகளை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு அடிபட்டவர்களைக் கிடத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறப்பார். எங்கள் வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்குக் குறைவில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பெரிய சுருள் எப்போதும் இருக்கும். செருப்பு துடைக்கத்தான் வைத்திருக்கிறார் போல என்று முதல் நாள் அதில் கொஞ்சம் கிழித்தேன். லாத்தா பார்த்த பார்வையில் அரியர் பேப்பரே பரவாயில்லை என்று தோன்றியது.

யார் வந்தாலும் முக்காலியில் உட்காரவைத்து, குதிகாலைத் தன் கையில் தாங்கி, அவரேதான் செருப்பை மாட்டிவிடுவார். "படிச்ச புள்ள ஊரான் காலப் புடிக்கவா போகுது" என்று என் அம்மா அழுதாள். காலைப் பிடித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஒரு பெண் தன் பிள்ளைக்கு ஷூ வாங்க வந்தாள். உனக்கும் ஒன்று போட்டுப் பார் என்று லாத்தா அவளை உட்காரவைத்துச் சேலைக்கரையைக் கொஞ்சம் விலக்கினார். கணுக்காலுக்கு மேல் வரிவரியாகச் சூட்டுக்காயம்.

"இது என்னட்டி?"

"வெந்நி கொட்டிருச்சு லாத்தா."

"வெந்நி கோடு கோடாவா கொட்டும்?"

அந்தப் பெண் சேலைக்கரையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். லாத்தா செருப்பை மாட்டி வாரை இறுக்கினார். "மறுக்கா வெந்நி கொட்டுச்சுன்னா நேரா இங்க வா" என்றார். அவள் வந்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடி வருகிறவள் வாசலில் கிடக்கிற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டா வருவாள்? எல்லோரும் வெறுங்காலோடுதான் வந்தார்கள். பல் உடைந்தவர்கள், தலைமுடி கொத்தாகப் பிடுங்கப்பட்டவர்கள், கை ஒடிந்து தொங்கியவர்கள். லாத்தா முதலில் காலுக்குச் செருப்பு மாட்டுவார், பிறகு ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன். போக்கிடம் இல்லாதவர்கள் மாடியில் பெட்டி அடுக்கியிருக்கும் அறையில் சில நாள் தங்குவார்கள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும். நான் விழுந்தால் என்னையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று லாத்தா சலித்துக்கொள்வார்.

பேச்சியம்மாள் அப்படித்தான் வந்தாள். சேத்தூரில் வாக்கப்பட்டவள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடத்தில் வேலை. கணவன் கணேசன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். பிள்ளை இல்லை என்பது அடிப்பதற்கு அவன் சொல்லும் காரணம். குடித்த நாளில் காரணமே வேண்டியதில்லை. அன்றைக்குத் தோட்டைப் பிடித்து இழுத்ததில் காதுச் சோணை இரண்டாகக் கிழிந்திருந்தது. பஸ்ஸில் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டே வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு, மாடி அறையில் தங்கினாள். சும்மா இருக்க மாட்டாள். பெட்டிகளையெல்லாம் நம்பர்வாரியாக அடுக்கிவைத்தாள். நான் ஒரு வருடமாகச் செய்யாத வேலை அது.

ஒரு மத்தியானம். வெயிலுக்குத் தெருவே ஓய்ந்திருந்தது. லாத்தா ஒரு சின்னப் பெண்ணுக்கு ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். கணேசன் உள்ளே வந்தான். சட்டைக்குள் முதுகுப்பக்கமிருந்து அரிவாளை உருவினான்.

"அவ எங்க?"

லாத்தா அந்தக் குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இங்க எவளும் இல்ல. செருப்பு வேணும்னா உக்காரு."

அவன் வீசினான். லாத்தா முக்காலியை எடுத்துத் தடுத்தார். முதல் வெட்டு மரத்தில் ஏறியது. அடுத்தது இடது கையில். விரல்கள் தொங்கியதை நான் பார்த்தேன். மயங்கி விழவேண்டியவள் நான், ஏனோ விழவில்லை. கத்திக்கொண்டே ஷெல்பில் இருந்ததையெல்லாம் எடுத்து அவன்மேல் எறிந்தேன். கடைகளில் ஒற்றைச் செருப்பைத்தான் பார்வைக்கு வைப்பார்கள். அத்தனை ஒற்றைச் செருப்பும் அவன் முகத்திலும் முதுகிலும் போய் விழுந்தன. ஒன்று லாத்தாவின் நெற்றியிலும் பட்டது. அதை அவர் பிறகு பலமுறை சொல்லிக்காட்டினார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து பேச்சி இறங்கிவிட்டாள். அவன் அவளைப் பார்த்துத் திரும்பிய அந்த நொடியில் லாத்தா ஷட்டர் இழுக்கிற கம்பியை வலது கையால் எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அரிவாள் விழுந்தது.

அவன் வாசலுக்கு ஓடினான். அதற்குள் தெரு கூடியிருந்தது. டீக்கடை மாஸ்டர், பூக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், தினமும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். அவர்கள் முகங்கள் அப்படி மாறும் என்று நான் நினைத்ததில்லை. இழுத்துப்போட்டு மிதித்தார்கள். சோடா பாட்டிலால் மண்டையில் அடித்தார்கள். ஒருவர் கல்லைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டார். அவன் முதலில் கத்தினான், பிறகு சத்தம் வரவில்லை. அப்போதும் அடி நிற்கவில்லை.

லாத்தா கையில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டே வெளியே போனார். "விடுங்கலே! போதும், விடுங்க!" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவன்மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். ஓங்கிய கால்கள் அப்போதுதான் நின்றன.

"மாஸ்டர், நீரு வேன எடும். இவனத் தூக்கி உள்ள போடுங்க."

பேச்சி ஓடிவந்து வேன் கதவை மறித்துக்கொண்டாள். "இவன எதுக்கு ஏத்துதீக? கெடந்து சாவட்டும் லாத்தா! விட்ருங்க, சாவட்டும்!"

"செத்தான்னா இந்தத் தெருவுல இருக்கவன் அம்புட்டுப் பேரும் கொலகாரனாவான். நகருட்டி."

"அவன் என்னைய விட மாட்டான்."

"நகருன்னா நகரு."

வேனில் பெட்டிகளுக்கு நடுவில் அவன் கிடந்தான். அவன் தலைமாட்டில் லாத்தா, கையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட. எதிரே பேச்சி. வழியெல்லாம் அவள் அவனைப் பார்க்கவில்லை, லாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரையும் பிழைக்கவைத்தார்கள். லாத்தாவின் இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "செருப்பால அடிச்சேங்கய்யா" என்றேன். கோர்ட்டே சிரித்தது. லாத்தா நடந்ததை நடந்தபடி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், என் கட்சிக்காரர் காலை ஒடித்தது யார் யார், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார். லாத்தா விரல் மடங்காத கையைத் தூக்கிக் காட்டி, "ரத்தம் போயிக்கிட்டிருந்துச்சு சார். யாரு மொகமும் தெரியல" என்றார். சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கணேசன் ஜெயிலுக்குப் போனான்.

பேச்சி தளவாய்புரத்திலேயே ஒரு வீடு பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டாள். பெருநாளுக்கெல்லாம் லாத்தாவுக்கு ஒரு நைட்டி தைத்து எடுத்துக்கொண்டு வருவாள். டீ குடிப்பாள், எங்களோடு சிரித்துப் பேசுவாள். கிளம்பும்போது மட்டும் படியில் நின்று, "அவன் வருவான் லாத்தா" என்பாள். கோபமாகக்கூட இல்லை. மழை வரும் என்பதுபோலச் சொல்வாள்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்துவிட்டேன். ஒரு காலையில் மகளுக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தபோது லாத்தாவிடமிருந்து போன் வந்தது. "ஏட்டி, பேச்சி போயிட்டா. வா."

கணேசன் விடுதலையாகி வந்து கொஞ்ச காலம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறான். அவள் வேலைக்குப் போகிற வழியில், தளவாய்புரம் பஸ் நிறுத்தத்தில் வைத்து வெட்டியிருக்கிறான். நொண்டிக்கொண்டேதான் வந்தானாம். தூரத்திலிருந்தே அவள் பார்த்துவிட்டாளாம், ஓடவில்லையாம். நான் போனபோது லாத்தா பிணவறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். பேச்சியின் அண்ணன் உடலை வாங்க வரமாட்டேன் என்றுவிட்டான். லாத்தாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவர்கள் முறைப்படியே எல்லாம் செய்யவேண்டும் என்று அலைந்து ஆள் பிடித்து எரியூட்டவைத்தார். சிதை எரிவதைத் தூரத்தில் வேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டியரிங்மேல் அந்த மடங்காத விரல்கள் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன.

"அவ சொன்னாள்ல. நான் அன்னைக்கு அவன ஏத்திருக்கக் கூடாதோ?" என்றார்.



அடுத்த வாரமே தாடை உடைந்த ஒருத்தி வந்து நின்றபோது லாத்தா எழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடிபட்டவர்களை ஏற்றுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் ரோட்டில் கிடக்கிறவனைத் தூக்குவதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். முன்பெல்லாம் அப்படி நிற்க மாட்டார். நான் போகும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பார். ஒருமுறை, "ஏத்துனது சரிதான் லாத்தா, உசுருல்ல" என்றேன். இன்னொருமுறை என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அடிவாங்கி வந்திருந்த சமயம், "விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் அவர் ஒரேமாதிரிதான் தலையாட்டினார்.

முட்டிவலி வந்து லாத்தா படியேற முடியாமல் போனது. மகன் சவுதியிலிருந்து திரும்பிக் கடையை விற்றான். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். மாடி அறைக்குப் போகிற படியை இடித்துக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். வேனை எடைக்குப் போட்டாயிற்று. லாத்தா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களில் டீக்கடை மாஸ்டரும் போய்விட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது ஞாபகம் நிறையக் குறைந்திருந்தது. வெகுநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "பரீச்ச எழுதிட்டியாட்டி?" என்றார். கணேசனை ஏற்றியது பற்றிய அந்தப் பழைய கேள்வியை அவர் கேட்கவில்லை. நானும் அதை எடுக்காமல் கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. அத்தனை வருடம் யோசித்துவைத்திருந்ததைச் சொல்லிவிடத் தோன்றியது. கையைப் பிடித்துக்கொண்டு, "லாத்தா, பேச்சி விசயத்துல நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பேச்சியா? யாருட்டி அது? கடைக்கு வாரவளா?"

"ஆமா லாத்தா. வாரவதான்."

"வெயில்ல நிக்கவிடாத. உள்ள வரச்சொல்லு" என்றார்.

நான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.