வெள்ளை விட்ட இடம்

என் அக்காவுக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. இருபத்தாறு வருடமாக எம்பிராய்டரி போட்டு வயிற்றைக் கழுவுகிறவள். தலையணை உறையில் ஒரு விரல் அகலம் வெறுமையாகக் கிடந்தால்கூட அங்கே ஒரு கொடியை ஏற்றிவிட்டுத்தான் ஊசியைக் கீழே வைப்பாள். வாயும் அப்படித்தான், ஒரு நொடி சும்மா இருக்காது.

அவளுக்கு வாய்த்த மகளோ வாட்டர்கலர் வரைகிறவள். பேச்சும் வண்ணமும் அளந்துதான் வரும். ஏழு மாதமாக அதுவும் நின்றுபோயிருந்தது. வேலையை விட்டாள், தூரிகையை விட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமைக்கு அக்கா எங்கே போவாள்? தினமும் எனக்கு ஃபோன் போட்டு அழுதாள்.

கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகள் வரைந்த ஏரியை நூலில் கொண்டுவந்து காட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. படத்தின் தாளிலேயே தைத்தாள். நீலம் கரைந்து வெளுக்கிற இடத்துக்கு ஆறு விதமான நீல நூல் தேடிக் கடை கடையாக அலைந்தாள். ஒற்றை இழையாகப் பிரித்து ஒன்பது நாள் உட்கார்ந்தாள். ஏரித் தண்ணீர் நன்றாகவே வந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. மேலே வானம் வெறும் தாளாக இருந்தது. பாவம், பிள்ளை முடிக்காமல் விட்டுவிட்டது என்று நினைத்து, அதை வெள்ளை நூலால் நெருக்கி அடைத்துவிட்டாள்.

காலையில் கட்டிலருகே கொண்டுபோய் நீட்டினாள். நானும் நின்றிருந்தேன். மகள் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"அது காலி இடமில்ல. அதுதான் வெளிச்சம். யாரு உன்னைத் தொடச் சொன்னது?"

ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த பேச்சு. அக்கா பதறிப்போய் அங்கேயே உட்கார்ந்து வெள்ளை நூலைப் பிரித்தாள். துணியென்றால் நகத்தால் நீவிவிட்டால் ஊசித்துளை மூடிக்கொள்ளும். தாளில் மூடவில்லை. வானம் முழுக்கப் பொத்தல், ஓரிடத்தில் துளை வரிசையோடு கிழிந்தும் போனது. மகள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"திட்டு கண்ணு. இன்னும் திட்டு. அம்மாவ நல்லாத் திட்டு."

மதியம்வரை கெஞ்சிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து, மகளின் அலமாரியிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து வந்தாள். எது வெளிச்சம் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டிலருகே உட்கார்ந்து நூல் கோத்தாள்.

"இங்க பாரு கண்ணு, இதையும் அடைக்கப் போறேன்" என்றாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, மகளின் முதுகையே பார்த்தபடி, வெள்ளையின் நடுவே ஊசியை இறக்கினாள்.