எடைமேடைக் கணினியில் ஜாவா இல்லையாம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடைபோடும் ஒரு எடைமேடைக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஓட கணினியில் ஜாவா என்ற துணை மென்பொருள் வேண்டும். ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணினியிலும் நானே போய்க் குறித்துக்கொடுத்து அலுத்துவிட்டது. அதைத் தானாகத் தேடிப் பிடித்து மென்பொருளைத் திறக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். காலடிப்பேட்டையில் என் வீட்டுக் கணினியில் ஐகானை அழுத்தியதும் திறந்தது.

எடைமேடையில் திறக்கவில்லை. ‘ஜாவா இல்லை’ என்று நான் எழுதிவைத்த வாசகமே என்னைப் பார்த்தது.

அங்கே எடைச்சீட்டு போடும் அக்கா திரும்பினார். “இன்னாமா, போன வாரம் நீதான ஜாவா போட்டுட்டுப் போன?”

“ஆமாக்கா. இருக்கு. இருக்கணும்.”

“ஜாவா கீதா இல்லியா, ஒண்ணு சொல்லு. வெளிய லாரி நின்னுகினு கீது.”

எனக்கே தெரியவில்லை. கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, ஜாவா இருக்கிறதா என்று தட்டிக் கேட்டேன். ஜாவா தன் பதிப்பு எண்ணோடு பதில் சொன்னது. ஐகானை அழுத்தினால், இல்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்போதும் இல்லை. போன வாரம் நான் என்னதான் செய்தேன் என்பதே குழம்பிப்போனது. அக்கா கையால் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

எழுதிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, நீ கேட்டா கீதுன்னுது, அது கேட்டா இல்லன்னுது. ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா தேடறீங்க?”

“ஒரே எடம்தான்கா” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சந்தேகம் வந்தது.

ஒரு மணி நேரம் தேடிய பிறகே புரிந்தது. என் நிரல் 32 பிட் வகை. அங்கிருந்த ஜாவா 64 பிட். நிறுவிய மென்பொருள்களுக்குக் கணினி வகைக்கு ஒன்றாக இரண்டு பதிவேடு வைத்திருக்கிறது. என் நிரல் கேட்டபோதெல்லாம் அதன் வகைக்கான, ஜாவா பெயர் இல்லாத பதிவேட்டை நீட்டியிருக்கிறது. என் வீட்டில் இரண்டு வகை ஜாவாவும் இருந்ததால் இது தெரியவேயில்லை.

இரண்டிலும் தேடும்படி அங்கேயே மாற்றினேன். ஐகானை அழுத்தியதும் மென்பொருள் திறந்தது. “அப்பாடா” என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பக்கத்து இரும்புக் கிடங்கில் அதே நிரலைப் போட்டேன். அங்கே மூன்று ஜாவா இருந்தன. என் நிரல், இருப்பதிலேயே பழையதைத் தேர்ந்தெடுத்தது. ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.